கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் என் உள்ளத்தே ஓர் ஐயம் எழுவதுண்டு. மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கினாள் என்பர் உரையாசிரியர். ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையிலே ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். ஆடலாசிரியன் எத்தகையன், இசையாசிரியன் எத்தகையன், மத்தளங் கொட்டுவோன், குழலூதுவோன், யாழ் வாசிப்போன் எத்தகையர், அரங்கின் அகலம் எத்துணை, உயரம் எத்துணை என்பனவெல்லாம் இளங்கோவடிகள் அளந்து கூறியிருக்கிறார். ஆயினும் அந்த ஐந்து வயதுக் குழவி விரும்பி ஆடிற்றோ, வேறு வழியின்றி ஆடிற்றோ என்பதை அடிகள் கூறிற்றிலர். அவையோர் பார்ப்பது ஆட்டத்தை; குழந்தையை அன்று.

இந்த ஐயத்தை மனத்திற் கொண்டு, நம் பாட்டன் பாட்டியர் கண்ணாரக் கண்டும் காதாரக் கேட்டும் மகிழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைக்கத் துணிந்தேன். அவர்தாம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். திருவிழா நாட்களில் கோயில் ஒலிபெருக்கியின் வழியே விடியற்காலையில் நம் தெருக்களை எழுப்பும் அக்குரலை அறியாதார் நம்மில் ஒருவரும் இரார். குரலை அறிந்தவருள் அக்குரல் வந்த வழியை அறிந்தவர் சிலரே.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, மூவர் பாடலும் பெற்ற தலம். பழம்பெயர் திருப்பாண்டிக் கொடுமுடி. தாம் மறந்தாலும் தம் நா மறவாது என்று சுந்தரமூர்த்தி நாயனார் ஐந்தெழுத்தைப் பாடியது இவ்வூரிலேயாம். அவ்வூரில் 1908-ஆம் ஆண்டில், நாவினால் நாடாளப் பிறந்த ஒரு குழந்தைக்கு அந்நாயனார் பெயரே அமைந்தது. பெயரின் முன்னெழுத்துக்களில் ஒன்று ஊரைக் குறிக்கும். மற்றொன்று தாயார் பாலாம்பாளைக் குறிக்கும். தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் தாயின் பெயரெழுத்து நிற்பதே அக்குடும்பத்தின் நிலையை ஒருவாறு உணர்த்தும். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளைகளை அந்தத் தாய் மிக்க வறுமையினிடையே வளர்த்தார்.

ஈரோட்டினின்றும் கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியின் வழியே செல்கிறது. அப்பாதையிற் சென்ற புகைவண்டிகளிலே இச்சிறுமி பாடிக் காசு பெற்றாள் என்பது பலராலும் சொல்லப்படும் செய்தி. மேடைக்கு இட்டுச் சென்றவர் யார் என்பதில் இருவகை வரலாறு வழங்குகின்றது. ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமாகிய எஃப். ஜி. நடேச ஐயர் வண்டியிலே அப்பாட்டைக் கேட்டு வியந்து அழைத்துச் சென்றார் என்பர் ஒருசாரார். கரூரில் காவல் அதிகாரியாயிருந்த ஒருவர் கும்பகோணத்து வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ப்பித்தார் என்பர் மற்றொருசாரார். இரண்டு வரலாற்றிலும் ஒன்று பொது. பெற்றோர் கலைவிருப்பத்தால் ஆசிரியரிடம் அனுப்பிய குழந்தையன்று இது. வழியிற் பாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பெரியவர் ஒருவர் கேட்டார், கொண்டு சென்றார். மாதவிக்கு ஏழாண்டுப் பயிற்சியும் ஆசிரியர் பலரும் வாய்த்தனர். இவருக்கு வாய்த்த முதலாசிரியர் பசி ஒன்றே.

அதற்கேற்பவே முதல் வேடமும் அமைந்தது. நல்லதங்காள் நாடகத்தில் அவள் பிள்ளைகளுள் ஒருவனாகப் பத்து வயதளவில் ஆண்வேடம் புனைந்து மேடையேறினார். நல்லதங்காள் கதையை நம் இல்லத்து மூதாட்டியர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பஞ்சத்தால் ஏழு பிள்ளைகளோடு பிறந்தகம் வந்தவளை அண்ணி மூளியலங்காரி படுத்திய பாடும், இறுதியிற் பாழுங்கிணறும் கேட்டார் நெஞ்சை உருக்குவன. அதில் பசியால் வாடிப் பாடும் பிள்ளையின் பாட்டே இச்சிறுமிக்குக் கிடைத்தது. கொட்டகை முழுதும் 'ஒன்ஸ்மோர்' என்று ஆரவாரித்து மறுமுறை பாடச் செய்ததாம். பசியறியாத பிள்ளை பாடியிருப்பின் அது நடிப்பாயிருக்கும். பசியறிந்த பிள்ளை பாடியபோது அவையோர் கண்ணீர் விட்டனர். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பாடு என்றுங் கேட்டனர். இவ்விரண்டும் ஒரே அவையில் ஒரே இரவில் நிகழ்ந்தன என்பதை நினைக்குந்தோறும் எனக்குச் சிறிது நாணம் உண்டாகின்றது.

நிற்க. அந்நாளில் நாடகக் குழுக்கள் இருந்தவாற்றை இங்குச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அஃதறியாதார்க்கு அம்மையாரின் ஆற்றல் முற்றும் விளங்காது.

'நாடகத் தலைமையாசிரியர்' என்று போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களை எழுதிக் குழுக்களுக்குப் பயிற்றுவித்தார். வயதுவந்த நடிகர் பலர் ஒழுங்கிற்கு அடங்காமையால் சிறுவர்களைக்கொண்டே குழுக்கள் அமைக்கும் வழக்கம் அக்காலத்தே வலுப்பெற்றது. 'பாய்ஸ் கம்பெனி' என்பது மக்கள் வழங்கிய பெயர். ஏழைப் பெற்றோர் பிள்ளைகளைக் குழுவில் ஒப்புவிப்பர். குழு அவர்க்கு உணவும் உடையும் அளித்துத் தன்னோடு ஊர் ஊராகக் கொண்டுசெல்லும். பகலெல்லாம் 'வாத்தியார்' பாடம் சொல்லுவார். தவறினால் அடியும் உண்டு. இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் கோழி கூவும்போது முடியும். பெண்வேடமும் பெரும்பாலும் சிறுவரே புனைவர்.

இக்குழுக்களிற் சிறுவர் அஞ்சிய பகை ஒன்றுண்டு. 'மகரக்கட்டு' என்பது அதன் பெயர். பதினான்கு பதினைந்து வயதளவில் ஆண்பிள்ளையின் தொண்டை தடித்துக் குரல் உடையும். நேற்றுவரை குயிலாயிருந்தவன் இன்று பாட வாய்திறந்தால் அவையோர் நகைப்பர். குரலுடைந்த பின்னர் அதே உணவு, அதே மதிப்பு கிட்டாது. பலர் திரைக்குப் பின்னே பெட்டி தூக்கவும் சாயம் குழைக்கவும் சென்றனர். சிலர் வீடு திரும்பினர். வீடில்லாதார் எங்குச் சென்றனரோ! பிள்ளைப் பருவத்திலே புகழெய்தினவர் அப்பருவம் கழிந்ததும் துறக்கப்படுதல் இக்காலத்துத் திரைப்படத்திற்கே உரிய கொடுமை என்று கருதுவார் அக்கால நாடக வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. பெண்ணாகிய சுந்தராம்பாளுக்கு இப்பகை இல்லாதொழிந்தது. வயது ஏறஏற அவர் குரல் உடையாது கனம்பெற்றது.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. காஸ் விளக்கு வெளிச்சத்தில், தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில், தரையில் துண்டை விரித்து அமர்ந்திருப்பவன் செவிக்கும் சொல் தெளிவாகச் சென்று சேரவேண்டும். சேராவிடின் அவன் வாளாவிரான். ஆதலால் நடிகர் உயர்ந்த சுருதியிற் பாடினர். சுருதியைக் கட்டைக் கணக்கிற் சொல்வது மேடை வழக்கு. சாதாரணமாக ஆண்மக்கள் ஒன்றரை, இரண்டு கட்டையிற் பாடுவர். மேடைப் பெரும்பாடகரோ ஐந்து கட்டைக்கு மேலும் பாடினர் என்பர். உயரப் பாடுதல் மட்டும் போதாது. உயரப் பாடும்போது தமிழ் சிதையாதிருத்தல் வேண்டும். சுந்தராம்பாள் அம்மையாரின் இசைத்தட்டுகளைக் கேட்பார், எத்துணை உச்சியிற் சென்றாலும் றகர ரகர வேறுபாடும் ழகரமும் சிறிதும் கெடாமையைக் கவனிக்க வேண்டுகிறேன். தமிழாசிரியனாகிய எனக்கு அதனினும் இனிய செய்தி வேறில்லை. என் மாணாக்கர்க்கு ழகரம் பயிற்ற அவர் பாட்டையே பலகாலும் துணைகொண்டிருக்கிறேன்.

இளம்பருவம் கடந்ததும் அம்மையார் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் வகையிலே பெயர்பெற்றார். அஃதாவது, ஒரே குழுவைச் சேராத நடிகர்களைக் காண்டிராக்டர் தனித்தனியே ஒப்பந்தம் செய்து ஓரிரவு ஒரு மேடையிற் கூட்டுவார். ஒத்திகை இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் எல்லாரும் மாலையிலே வந்து கூடுவர். கதையும் பாட்டும் எல்லார்க்கும் மனப்பாடம். ஆனால் இடையிலே நிகழும் தருக்கத்தில் எதிராளி என்ன கேட்பான், எந்த இராகத்திற் பாடுவான் என்பது ஒருவர்க்கும் தெரியாது. தினைப்புனத்தில் வள்ளியும் வேலனும் புரியும் வாதத்தைக் கேட்கவே வண்டி கட்டிக்கொண்டு வருவர். தளர்ந்தவர் அந்த இரவே தோற்றவராவர்.

இத்தகைய மேடையொன்றில், 1926-ஆம் ஆண்டில், இலங்கையிலே கொழும்பு நகரில், எஸ். ஜி. கிட்டப்பா என்பார் அம்மையாரோடு நடிக்கச் சென்றார். அவர் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் 1906-இற் பிறந்தவர். அவரும் சிறுவயதிலேயே மேடையேறினவர். கன்னையா கம்பெனியின் நாடகங்களாற் பெரும்புகழ் பெற்றவர். அவர் எதிரே நின்று பாடுதல் எவர்க்கும் அரிது என்று சிலர் அம்மையாரை அச்சுறுத்தினராம். வள்ளியும் வேலனும் எதிரெதிர் நின்று பாடினர். ஒருவர் மற்றவரை வீழ்த்துவார் எனக் காத்திருந்த அவையோர், ஒருவர் பாட்டால் மற்றவர் பாட்டு உயர்வதைக் கண்டனர்.

மேடைமேல் வள்ளியும் வேலனும் மணந்துகொள்வதற்குக் குலம் தடையாகவில்லை. வேட்டுவப்பெண்ணை முருகன் மணந்ததைக் கண்டு கன்னத்திற் போட்டுக்கொள்ளாதார் இல்லை. மேடையினின்று இறங்கியபின் கதை வேறு. இருவர் குலமும் வேறு. கிட்டப்பாவோ முன்னரே மணமானவர். ஆயினும் 1927-ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். அந்த மணத்தை ஊர் எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதைச் சாதிச் சங்கத்து வெளியீட்டைப் படிக்கும் நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்விருவர் பாட்டையும் விலைகொடுத்துக் கேட்டவரே அவ்விருவர் வாழ்க்கையையும் திண்ணையிலிருந்து பழித்திருப்பர். அம்மணவாழ்வு இனிது நெடுங்காலம் நடந்ததுமன்று. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை; பிணக்கும் பிரிவும் நேர்ந்தன; மதுப்பழக்கம் கிட்டப்பாவின் உடலைக் கெடுத்தது. அக்காலத்து அம்மையார் அவர்க்கெழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறின. அவற்றிற் பணிவும் உண்டு; கணக்குக் கேட்கும் நிமிர்வும் உண்டு. 1933-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களிற் கிட்டப்பா காலமானார். முப்பது வயதும் அவர்க்கு நிறையவில்லை.

அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. வெண்ணிற ஆடை உடுத்தார், அணிகளைக் களைந்தார், இனி எந்த ஆடவனோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். கைம்மை நோன்பு என்று இதனைப் போற்றி எழுதுவோர் பலர். யான் அவ்வளவில் நிற்க விரும்பவில்லை. கைம்பெண்ணை மூலையில் உட்கார வைத்தது நம் சமுதாயம்; நம் சங்கத்துப் பழைய குடும்பங்களிலும் அவ்வாறு மூலையிலிருந்து மறைந்தோர் உண்டு. இந்தப் பெண்மணியோ வெள்ளாடையோடு மேடைக்கே திரும்பினார். சில காலம் ஒதுங்கியிருந்தவரைச் சத்தியமூர்த்தி முதலிய காங்கிரஸ் தலைவர்கள் தேசப் பணிக்கு அழைத்தனர். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர்தோறும் சென்று பாடிக் கூட்டம் கூட்டினார். மூலையில் இருத்தற்குரிய கோலமாக ஊரார் கருதிய கோலமே அவருக்குப் பெருங்கூட்டத்தின் நடுவே நிற்றற்குரிய கோலமாயிற்று.

இதனிடையே பேசும்படம் வந்துவிட்டது. 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திற்கு அவரை அழைத்தனர். நடிக்க விருப்பமில்லாத அம்மையார், அழைத்தவர் தாமே விலகிச் செல்லட்டும் என்று கருதி ஓரிலக்கம் ரூபாய் கேட்டார் என்றும், அவரோ மறுக்காது ஒப்புக்கொண்டார் என்றும் கூறுவர். ஓரிலக்கம் ரூபாய் அந்நாளில் எந்த நடிகரும் பெறாத தொகை என்பது பலரும் எழுதியிருப்பது. மாதவி பெற்ற ஆயிரத்தெட்டுக் கழஞ்சு மரபுப்படி வகுத்த பரிசில். விலையை வகுத்தவள் மாதவியல்லள். புகைவண்டியிற் போட்டதை வாங்கிக்கொண்ட சிறுமி, தன் பாட்டிற்குத் தானே விலை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள் என்பதே இங்குக் கருதத்தக்கது.

படத்தில் அவர் பூண்டது நந்தனார் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் எதிர்பார்த்த பேறு பெறவில்லை. பேராசிரியர் கல்கி, மனிதரைவிட மாடும் மரமும் நன்றாக நடித்தன என்னும் கருத்துப்பட எழுதிய மதிப்புரை பலர் நினைவில் நின்றுவிட்டது. கல்கியின் நகைச்சுவைக்கு யானும் அடியேன்தான். ஆயினும் ஒன்று சொல்வேன். கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடிப் பழகிய ஒருவரைக் கண்ணெதிரே முகம்பிடிக்கும் கருவியின்முன் நிறுத்திய முதற்காலம் அது. மேடைக்காரர் அனைவரும் அக்கருவியின்முன் மாணவராகவே தொடங்கினர்.

இனி யான் சொல்லப்புகுவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அம்மையார் திரையில் ஏற்ற முதன்மை வேடங்களை வரிசைப்படுத்தி நோக்குக. நந்தனாருக்குப் பின் 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஔவையார், 1964-இல் 'பூம்புகார்' படத்துக் கவுந்தியடிகள், 1965-இல் 'திருவிளையாடல்' படத்திலும் 1967-இல் 'கந்தன் கருணை' படத்திலும் மீண்டும் ஔவையார், 1973-இல் காரைக்காலம்மையார். தமிழிலக்கியம் பயின்றார்க்கு இவ்வரிசையைக் கண்டவுடனே ஒரு பொருள் புலனாகும். இளமையையும் அழகையும் இல்வாழ்வையும் துறந்து தம் சொல்லையே தமக்கு உடைமையாக்கிக்கொண்ட பெண்டிர் நம் இலக்கியத்தில் யாவர் என்று வினவின், எந்தத் தமிழாசிரியனும் இவர்கள் பெயரையே முதலிற் கூறுவான். காரைக்காலம்மையார் தம் தசையுடலை உதறிப் பேயுருவை வேண்டினார். கதையில் வரும் ஔவை, மணத்துக்கு அஞ்சி மூப்பை வேண்டிப் பெற்றாள். கவுந்தி சமணத் துறவி. மணிமேகலை, நாடகக் கணிகை குலத்துப் பிறந்தும் அரங்கேறாது அறத்துறை புக்கவள்.

ஆடவனோடு இணையாக நடியேன் என்று ஒரு நடிகை சொன்னால் அத்தொழிலில் அவளுக்கு என்ன எஞ்சும்? கதாநாயகிக்குக் காதலன் வேண்டும் என்பது திரையின் முதல் இலக்கணம். அந்த வாயிலை இருபத்தைந்து வயதிலே தாமே அடைத்துக்கொண்ட அம்மையார்க்குத் தமிழிலக்கியம் வேறொரு வாயிலைத் திறந்துவிட்டது. காதலன் வேண்டாத பெண்கள் நம் மொழியில் இத்தனை பேர் ஏற்கனவே காத்திருந்தனர். ஏனைய மொழிப் படங்களில் இத்தகைய நடிகைக்கு இத்தனை வேடம் கிடைத்திருக்குமா என்பது என் ஐயம்.

மற்றொன்றும் காண்க. ஜெமினி வாசன் பல்லாண்டு முயன்று எடுத்த 'ஔவையார்' படத்தில் இளம்பருவத்து ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. பிள்ளையாரை வேண்டி மூப்பெய்திய பின்னரே அம்மையார் தோன்றுகிறார். 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் இளம் புனிதவதியாக நடித்தவர் லட்சுமி. இளமையும் இல்வாழ்வும் கழிந்த பிறகே அம்மையார் வருகிறார். இளமை பிறர் நடித்துக் காட்ட, இளமை கழிந்தபின் இவர் வந்து நிற்பார். வாழ்க்கையிலும் அவ்வாறே, பிள்ளைப் பருவத்தில் ஆண்பிள்ளையாக நடித்தார், இருபத்தைந்திலே முதியவளாயினார், இடைப்பட்ட இளமை சில ஆண்டுகளே. சிறுவயதிற் புகழ்பெற்றவர் பலர் அந்த இளமையை நீட்டிக்க முயன்று கெடுவதை நாம் காண்கிறோம். இவரோ மூப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டமையால் மூப்பு வந்து இவரை மேடையினின்று இறக்க முடியவில்லை. 'திருவிளையாடல்' வந்தபோது அவர்க்கு வயது ஐம்பத்தேழு. கனி கிடைக்காது சினந்து பழனியிலே சென்று நின்ற முருகனைத் தணிவிக்கும் ஔவையின் பாட்டு, நாட்டிற் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது அந்த வயதிலேதான்.

மணிமேகலையைப் பற்றி இன்னுங் கொஞ்சம். அமுதசுரபி ஏந்திக் காயசண்டிகையின் யானைத்தீயென்னும் பசியைத் தணித்தவள் அவள்; பசியைப் பிணியென்றும், உணவு கொடுத்தோரே உயிர் கொடுத்தோர் என்றும் சாத்தனார் பேசுவது அக்காப்பியத்திலேயாம். மேடையில் முதன்முதற் பசித்து அழுத பிள்ளையாக வந்தவர், திரையில் ஊர்ப்பசி தீர்க்கும் அணங்காக வந்தார். இதைத் திட்டமிட்டு எவரும் அமைத்ததாக யான் கருதவில்லை. ஆயினும் படத்தின் கதையைக் கேட்டபோது நல்லதங்காளின் மகனை யான் நினையாதிருக்க முடியவில்லை.

கவுந்தியடிகள் வேடத்திற்கு ஒருகால் தடை எழுந்ததாம். அம்மையார் முருகனடியார், திருநீறின்றித் திரையிலே தோன்ற மனமில்லை. கவுந்தியோ நீறணியாத சமணத் துறவி. 'பூம்புகார்' படத்திற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, பகுத்தறிவுக் கொள்கையர். அவரே அம்மையாரின் மனம் கோணாதவாறு வழிகண்டு நடிக்கச் செய்தார் என்று சொல்லுவர். வைணவனொருவன் சிவனாக நடிப்பதும், சைவனொருவன் சமணனாக நடிப்பதும் மேடைக்குப் புதிதன்று என்று வாதிக்கலாம். ஆனால் பத்து வயதில் கொடுத்த வேடத்தைக் கேளாமற் கட்டிக்கொண்ட குழந்தைக்கு ஐம்பத்தாறாம் வயதில் இன்னதைக் கட்டுவேன், இன்னதைக் கட்டேன் என்று சொல்லும் உரிமை வந்திருந்தது. அவ்வுரிமையை மதித்து இணங்கச் செய்தமை எழுதியவர்க்கும் பெருமையே.

பெற்ற சிறப்புக்களை விரைந்து கூறிவிடுகிறேன். 1950-களிற் சென்னை மேலவை உறுப்பினராக அமர்ந்தார். திரைப்படக் கலைஞர் சட்டமன்றத்துட் புகுந்தமைக்கு அவரே முன்னோடி. அந்த மேலவை 1986-இற் கலைக்கப்பட்டுவிட்டது. 'துணைவன்' படத்திற் பாடியமைக்காக 1969-ஆம் ஆண்டிற்குரிய தேசிய விருது பெற்றார். 1970-இற் பத்மஸ்ரீ பெற்றார். பிறந்த கொடுமுடியிலே தம் பெயரால் ஒரு திரையரங்கும் எழுப்பினார். 1980-இல் மறைந்தார்.

இனி நம் இல்லங்களைப் பற்றிச் சிறிது. என் தாய்வழிப் பாட்டியார் நாடகக் கொட்டகைப் பக்கமே செல்லலாகாது என்னும் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர். கூத்தாடி என்பது அவர் பிறந்த வீட்டிலே வசைச்சொல். கூத்தரை ஆற்றுப்படுத்திப் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்றாக வைத்தெண்ணப்படும் மொழியில் இச்சொல் வசையானது எப்போது என்று யான் பலமுறை வியந்ததுண்டு. அப்பாட்டியாரே 'ஔவையார்' படத்தை மட்டும் டூரிங் கொட்டகையில் மூன்று முறை கண்டாராம். திரையிலே ஔவை தோன்றியதும் எழுந்து கைகூப்பினாராம். பின்வரிசையார் "உட்காருங்க பாட்டி, மறைக்குது" என்று கூவிய பின்னரே அமர்ந்தாராம். கூத்தாடியைத் தொழுகிறோம் என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றவேயில்லை. ஆனால் தம் பெண்மக்களில் ஒருத்தி மிக நன்றாகப் பாடுவாள் என்பதும், அவளை அடுக்களைக்கு வெளியே பாட விட்டதில்லை என்பதும் அவரே சொல்லக் கேட்டவை. என் சிற்றன்னையாகிய அவர் இன்றும் அம்மி அரைக்கும்போது மட்டுமே பாடுகிறார். நாம் அருகே சென்றால் நிறுத்திவிடுகிறார்.

மறுபுறம், பாடும் குழந்தை வாய்த்தவுடன் அதனை மேடைமேடையாகவும் தொலைக்காட்சிப் போட்டிகளுக்கும் இழுத்துச் செல்லும் பெற்றோரையும் இக்காலத்தே காண்கிறேன். தோற்ற குழந்தை அழுவதையும் ஒளிபரப்புகிறார்கள். பாட்டியார் வீட்டு அடுக்களையும் வேண்டாம், இந்த மேடையும் வேண்டாம் என்றால் நடுவழி எது என என்னைக் கேட்கும் பெற்றோர் உண்டு. அம்மையார் வரலாற்றிலிருந்து யான் அவர்க்குச் சொல்லக்கூடியது ஒன்றே: குழந்தை "மாட்டேன்" என்று சொன்னால் அதனைக் கேட்க ஒருவர் வீட்டில் இருக்கட்டும். சுந்தராம்பாளுக்கு அச்சொல்லைச் சொல்ல இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அதியமானுக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை, அன்று, அதியமான் ஔவைக்குக் கொடுத்த கதையைப் பாடஞ் சொல்லும்போது, ஔவையின் உருவத்தை வரைந்து வருமாறு பிள்ளைகளைப் பணித்தேன். நாற்பது தாளிலும் நரைத்த தலை, வெள்ளாடை, கைத்தடி, நெற்றி நிறையத் திருநீறு. சங்ககாலத்து ஔவை வேறு, பிற்காலத்து நீதிநூல் பாடிய ஔவை வேறு. அதியமான் அவைக்கண் இருந்தவள் விறலி, பாடியும் ஆடியும் வாழ்ந்த மரபினள், பகையரசன் படைக்கலக் கொட்டிலிலே நின்று எள்ளி நகைத்தவள் என்று அரைமணி நேரம் விளக்கினேன். சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டில் நிறுவிய சிலையும், அதனைக் கொடுத்தவர் வாசனே ஆதலின், நம் மனத்திலுள்ள அந்த உருவத்தையே உறுதிசெய்துவிட்டது என்றும் சொன்னேன். எல்லாம் கேட்ட பின் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அப்படின்னா ஐயா, சினிமாவுல வர்ற அந்தப் பாட்டி சின்னப்பிள்ளையா இருந்தப்ப எப்படி இருந்தாங்க?" என்று கேட்டாள். ஔவையைக் கேட்கிறாளா, அம்மையாரைக் கேட்கிறாளா என்பது எனக்கு விளங்கவில்லை. மணி அடித்துவிட்டது. மறுநாள் வகுப்பில் கொடுமுடிப் புகைவண்டியிலிருந்து தொடங்கினேன்.